நூறு தண்ணீர், இருபத்தைந்து உப்பு

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே புழுக்கம். காலை ஷிப்ட், ஆறிலிருந்து இரண்டு. மாங்கனித் திருவிழாவுக்கு வாங்கிய மாம்பழம் வீட்டில் இன்னும் மூன்று. ஒன்று அழுகல்.

சாயங்காலம் பவி கெமிஸ்ட்ரி நோட்டோடு வந்தாள். ஒன்பதாவது. நானும் அதுவரை போனவன். அதே வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன்.

கணக்கு: 100 கிராம் தண்ணீரில் 25 கிராம் உப்பு. கரைசலில் உப்பு எத்தனை சதவீதம்?

சிரித்தே விட்டேன். ஐஸ் பிளான்ட்டில் பதினான்கு வருஷமாக இதே வேலை. உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள்தான் ஐஸ் பெட்டிகளை இறக்குகிறோம். நூறு லிட்டர் தண்ணீருக்கு இருபத்தைந்து கிலோ உப்பு.

"இருபத்தஞ்சு. எழுதிக்க."

"ஃபார்முலா போட வேணாமாப்பா?"

"இது என் கைக்கே தெரியும் புள்ள."

15, செவ்வாய்

குழாயில் தண்ணீர் இல்லை. பவியிடம் பேச்சும் இல்லை. செல்வியிடம் அவள் சொன்னது கூடம் வரை கேட்டது:

"மிஸ் தப்புன்னாங்க. எங்கப்பா ஐஸ் பிளான்ட்டு ஆபரேட்டர், அவங்களுக்குத் தெரியும்னு நான் எழுந்து நின்னு சண்ட போட்டேம்மா. கிளாஸே சிரிச்சுது. விடை இருபதாம். இனிமே அப்பாகிட்ட எந்தப் பாடமும் கேக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை டெஸ்ட் வேறு.

அந்த மிஸ் தொட்டியைப் பார்த்திருப்பார்களா என்று முதலில் கோபம். கணக்கை நாலு தடவை போட்டேன். நாலு தடவையும் இருபத்தைந்தே வந்தது. இது தப்பென்றால், ஒரே தப்பை இவ்வளவு சுத்தமாகச் செய்ய எல்லோராலும் முடியாது.

பவி பேசாதது சங்கடமாக இருக்கிறது. சாப்பிட்ட தட்டைக்கூட என் பக்கம் திரும்பாமல் எடுத்துப் போனாள்.

16, புதன்

ஷிப்ட் முடிந்து வந்தால் மத்திக் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே செல்வியிடம் முறையிட்டேன்.

"ஏங்க, குழம்புன்னா தண்ணி மட்டுமா? புளி, மொளகாத்தூள், மீனு எல்லாம் சேந்ததுதான? அப்ப ஒங்க கரைசலு நூறா, நூத்தி இருபத்தஞ்சா?"

சோறு கையிலேயே நின்றுவிட்டது. 125-இல் 25. ஐந்தில் ஒன்று. இருபது!

பிளான்ட்டில் நாங்கள் சொல்வது தண்ணீருக்கு எவ்வளவு உப்பு என்று. பாடம் கேட்பது மொத்தத்தில் எவ்வளவு உப்பு என்று. ஐஸ் பாவம், இரண்டும் தெரியாமலே உறைந்துகொண்டிருக்கிறது.

"இதுக்கா ரெண்டு நாளா மொகத்த தொங்கப் போட்டிருந்தீங்க?" செல்வி இன்னும் ஒரு மாதத்துக்கு இதை விடமாட்டாள்.

பவியின் நோட்டில் சிவப்புப் பெருக்கல் குறிக்குக் கீழே எழுதினேன்: 'இந்த விடையைச் சொன்னது நான். பிள்ளை மேல் தப்பில்லை.' கையெழுத்தும் போட்டேன்.

17, வியாழன்

காற்று பரவாயில்லை. எங்கள் தலத்தெரு முழுக்கப் புழுதி.

"நோட்டுல ஏம்ப்பா எழுதுனீங்க? மானமே போச்சு!"

திட்டுதான். ஆனாலும் பேச்சு.

"மிஸ் என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. தப்ப ஒத்துக்கிட்டு கையெழுத்தும் போட்டிருக்காரேன்னாங்க."

உர்ரென்று நோட்டைப் புரட்டினாள். பிறகு, "இதப் போடுங்க பாப்பம். கரைசல் 200 கிராம். 15 சதவீதம் உப்பு. தண்ணி எவ்ளோ?"

"நூத்தி எழுவது. உப்பு முப்பதும் அந்த எரநூறுக்குள்ளயே கெடக்கு."

நம்பவில்லை. ஃபார்முலா போட்டுப் பார்த்தாள். டிக் அடித்தாள், சின்னதாக. பாயை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

எட்டு மணி வரை பதினோரு கணக்கு. இரண்டில் தகராறு. இரண்டிலும் அவள்தான் சரி.

18, வெள்ளி

வார லீவு. டெஸ்ட்டுக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த பாடம் அணு. நான் வர்றதுக்குள்ள படிச்சு வைங்கப்பா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும், ஆமா."

நாலு பக்கம் முடித்தாயிற்று. நன்றாகவே புரிகிறது. அணுவைக் கண்ணால் பார்க்க முடியாதாம். நல்லது, இது என் கைக்கே தெரியும் என்று பீற்றிக்கொள்ள வழியில்லை. ஐந்தாம் பக்கத்தில் ஓரிடம் மட்டும் விளங்கவில்லை. பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறேன். பவி நாலரைக்கு வருவாள்.