திரை போன லேப்டாப்பில் உன் விசாரணை

என் செல்ல நைனாவுக்கு,

உன் பாப்பா எழுதுகிறேன். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், சொல்ல நல்ல சேதி ஒன்றும் இல்லை. இப்போதும் இல்லை. ஆனாலும் இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

முதலில் லேப்டாப். பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்ததே, மழையில் நீ சட்டைக்குள் பொத்திக்கொண்டு எண்ணூர் ரோடு முழுக்க வண்டி ஓட்டிக் கொண்டுவந்தாயே, அது. அதன் திரை போய்விட்டது. ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. அப்புறம் மூடியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் படம் வந்தது. துணி காயப்போடும் கிளிப்பைக் கவ்வவைத்துக் கொஞ்ச நாள் ஓட்டினேன். பிறகு கிளிப்புக்கும் மசியவில்லை. உள்ளே ஃபேன் சுற்றும், சத்தம் கேட்கும், எதிரே மட்டும் கறுப்பு.

அது போனது உன் விசாரணை நெருங்கிய நேரத்தில்.

நீ செத்ததை விசாரிக்கிறார்கள் நைனா. எண்ணூரில் அந்த எண்ணெய் டேங்கைக் கழுவ கான்ட்ராக்டில் போனீர்களே, நீயும் குமார் சித்தப்பாவும். முதலில் இறங்கிய சித்தப்பா உள்ளே விஷவாயுவில் மயங்கி விழுந்ததும், மேலே நின்றவர்கள் முகமூடி வரட்டும் என்று காத்திருந்ததும், நீ காத்திருக்காமல் இறங்கியதும் அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவரைத் தூக்கி மேலே தள்ளிவிட்டு நீ ஏணியிலேயே சரிந்துவிட்டாய். ஆஸ்பத்திரி வாசலில் சித்தப்பா அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினார். "அண்ணி, அண்ணன்தான் என்னைத் தூக்குச்சு. இது அண்ணன் குட்த்த உசுரு அண்ணி."

கம்பெனி வேறு மாதிரி சொன்னது. யாரும் சொல்லாமல் நீயே இறங்கினாயாம். உன் அஜாக்கிரதையாம். ஆய்வு அதிகாரி முன்னால் இதைப் பேச வீடியோ கால் ஏற்பாடு செய்தது கம்பெனிதான். எனக்கும் இணைப்பு அனுப்பினார்கள். உன் பெயருக்குப் பக்கத்தில் "அஜாக்கிரதை" என்ற சொல் ஏறக்கூடாது. எனக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்தது.

போனில் சேரலாமே என்பாய். அந்தச் செயலி என் போனில் ஏறவில்லை, போன் அவ்வளவு பழசு. லேப்டாப்புக்கு நெட் கொடுக்கத்தான் அது லாயக்கு. நான் டைப் அடிக்கும் ஷிப்பிங் ஆபீஸில் முதலாளியைக் கேட்டேன். "அந்தக் கம்பெனி சரக்கும் நம்ம வழியாத்தாம்மா போவுது. என்னை ஏன் மாட்டிவுடற?" என்றார். பிரவுசிங் சென்டரில் நாலு பேர் நடுவே உன் சாவைப் பேச அம்மா சம்மதிக்கவில்லை. அடுத்தவர் போனை இரவல் கேட்கவும் விடவில்லை.

பெரம்பூர் மாமா வீட்டில் சும்மா கிடந்த மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வயரைச் சொருகினேன். "சிக்னல் இல்லை" என்று ஒரு வரி மிதந்தது, பிறகு அதுவும் தூங்கிவிட்டது. கழற்றி ஊதிச் சொருகினேன். அணைத்துப் போட்டேன். திரை மாற்றும் பட்டனை அமுக்கி அமுக்கி விரல் வலித்தது. வயர்தான் கோளாறு என்று புதுசு வாங்கி வந்தேன். அதற்கும் அதே பதில். பக்கத்தில் இன்னொரு திரை இருப்பதே லேப்டாப்புக்குத் தெரியவில்லை. தெருக்கோடி ரிப்பேர் கடைக்காரர் பின்பக்கத்தைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"சொருகற வாயெல்லாம் உப்பு அரிச்சிக்கீது. இனிமே எந்த மானிட்டரும் இதுக்குத் தெரியாது. கடலாண்ட கீறோம், இரும்பே நிக்கல, இது இன்னா நிக்கும்? தூக்கிக் கடாசும்மா."

அவரே ஒரு வழியும் சொன்னார். திரைக்குப் பின்னால் எரியும் விளக்குதான் போயிருக்கிறதாம், படம் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறதாம். அறையை இருட்டாக்கி, திரை மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் எழுத்து மங்கலாகத் தெரியுமாம்.

உண்மைதான் நைனா, தெரிந்தது. வட்டம் விழுந்த இடத்தில் மட்டும், தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல.

விசாரணை நாளன்று பகலில் கதவையும் சன்னலையும் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டோம். வேர்வை ஊற்றியது. அம்மா என் தோளோடு ஒட்டி உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். தடவித் தடவி இணைப்பை அழுத்தினேன். எங்கே சேர முடியாமல் போகுமோ என்ற பயத்தில் முன்கூட்டியே சேர்ந்துவிட்டோம். அந்த லேப்டாப்பில் பள்ளிக்கூடத்தில் போட்ட பெயர்தான் இன்னும் இருக்கிறது, "ஸ்டூடன்ட்" என்று. நான் மாற்றியதே இல்லை. கூட்டத்துக்குள் நுழைந்ததும் மைக்கை அவர்களே அணைத்து வைத்திருந்தார்கள்.

"ஸ்டூடன்ட்னு யாரோ வந்திருக்காங்களே?" ஓர் ஆண்குரல் கேட்டது.

"நம்ம ஆபீஸ்ல புதுசா சேர்ந்த ட்ரெயினியா இருக்கும் சார்" என்றது இன்னொன்று.

அதோடு எங்களை மறந்துவிட்டார்கள். ஆய்வு அதிகாரி இன்னும் வரவில்லை. முதலில் பேசிய ஆள்தான் கம்பெனியின் மேனேஜர் என்று பேச்சிலேயே தெரிந்தது. எவ்வளவு அமைதியான குரல் தெரியுமா நைனா! காய்ச்சல் வந்த பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"குடிச்சிருந்தார்னு நீங்க சொல்ல வேண்டாம் குமார். வாசனை வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. மீதியை அவங்களே எழுதிப்பாங்க."

"சரி சார்."

"இறங்காதீங்கன்னு நீங்க சொன்னீங்க. அவர் கேக்கல."

"நான் மயங்கிக் கெடந்தேனே சார், நான் எப்டி..."

"மயங்கறதுக்கு முன்னாடி சொன்னீங்க."

 நம் வீட்டில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை உன்னோடு உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்ட அதே குரல் சொன்னது. "சொன்னேன் சார்."

டார்ச் வெளிச்சம் திரையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அம்மா கையைத் தொங்கவிட்டிருந்தாள்.

"அம்மா, டார்ச்ச காட்டும்மா. மைக்கைத் தொறக்கணும்."

அவள் அசையவில்லை. கறுப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அதிகாரி வந்துவிட்டார், ஒரு பெண்மணி. உன் வீட்டாட்கள் யாரும் வரவில்லையா என்று கேட்டார். தகவல் கொடுத்தோம், வரவில்லை என்றார் மேனேஜர். சித்தப்பா பேச ஆரம்பித்தார். தடுமாறவே இல்லை நைனா, நன்றாகப் பேசினார். வாசனை வந்தது என்றார். சொல்லியும் கேட்கவில்லை என்றார்.

டார்ச்சை அம்மா கையிலிருந்து பிடுங்கினேன். மைக் படத்தைத் தேடி அமுக்கினேன்.

"சித்தப்பா, நான் பாப்பா பேசறேன். நீங்க பேசினதெல்லாம் முதல்லேர்ந்து கேட்டுக்கினுதான் இருந்தேன்."

 மேனேஜர் பதறாமல் சொன்னார். "யாரோட குரலோ விட்டு விட்டு வருது மேடம். நெட்வொர்க் பிரச்சனை. இருங்க, சரி பண்றேன்."

நான் விடவில்லை. நீ எப்படி இறங்கினாய், ஆஸ்பத்திரி வாசலில் சித்தப்பா என்ன சொன்னார், இப்போது அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், எல்லாவற்றையும் சொன்னேன். கெஞ்சினேன். "மேடம், கேக்குதா மேடம்?" என்று கேட்டேன். பதில் வராததால், எல்லோரும் கவனமாகக் கேட்கிறார்கள் என்றே நினைத்தேன். தொண்டை கம்மும்வரை பேசிவிட்டு டார்ச்சை அடித்துப் பார்த்தால், நடுவில் சின்னதாக ஒரு வரி. கூட்டத்திலிருந்து நீங்கள் நீக்கப்பட்டுவிட்டீர்கள். "சரி பண்றேன்" என்றபோதே தள்ளிவிட்டிருக்கிறார்கள். அவ்வளவு நேரமும் செத்த பெட்டியிடம் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, "இன்னாடி ஆச்சு?" என்று கேட்டாள்.

அம்மா அதற்குப் பிறகுதான் வாய் திறந்தாள். "உங்க நைனா குடிப்பாருதானே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய் அரிசி களைந்தாள்.

அன்றைக்குக் குடித்திருந்தாயா நைனா? எனக்குத் தெரியவில்லை. காலையில் நீ கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். குடித்திருந்தால்தான் என்ன? குடிக்காதவர்கள் எல்லோரும் மேலேதான் நின்றார்கள். இருந்தாலும் நீயே சொல்லிவிட்டால் தேவலை. சொல்ல மாட்டாய்.

அஜாக்கிரதை என்றே முடிவு வந்தது. வாய்ப்புக் கொடுத்தும் குடும்பத்தார் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

சித்தப்பாவின் வீட்டுக்குப் போனேன். அதே கம்பெனியில் கேட்டில் உட்காரும் வேலை கொடுத்திருக்கிறார்கள், புதுச் சட்டை கொடியில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் சித்தி உள்ளே போய்விட்டாள். அவர்களுடைய பெரிய பெண் ஷாலினி கதவோரம் நின்றாள். உனக்குத் தெரியுமே, என்னோடு கோயில் குளத்தைச் சுற்றி சைக்கிள் பழகினவள்.

"நைனா வாயில வாசனை வந்துச்சா சித்தப்பா?" என்று கேட்டேன்.

அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கும் ரெண்டு பொண்ணு கீது பாப்பா. நெஞ்சு போச்சு, டேங்க்ல எறங்க முடியாது. நா இன்னா பண்ணுவேன்?"

"உண்மைய சொல்லுங்க."

"செத்தவனுக்குப் பேரு எதுக்குமா? உசுரோட கீறவனுக்குத்தான் வேலை வேணும்."

"நீங்க உசுரோட கீறது யாரால?"

கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை. தூங்குகிற குழந்தை எழுந்துவிடக்கூடாது என்பது போல மெல்லச் சாத்தினார். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

மறுநாள் ஷாலினி நான் பஸ் ஏறுகிற இடத்துக்கு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "அக்கா, எங்கப்பாவ உள்ளேர்ந்து தூக்கினது பெரியப்பாதானாமே? மெஷின் வெச்சுத் தூக்கினாங்கன்னு வூட்ல சொல்லி வெச்சிக்கீறாங்க" என்றாள். நான் முழுசாகச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அழ அழ, நிறுத்தாமல் சொன்னேன்.

இப்போது கடைசிச் சேதி. அந்தப் பெண் அதிகாரியின் அலுவலகத்துக்கு நானே நேரில் போய் மனு கொடுத்தேன். ஸ்டூடன்ட் நான்தான் என்று சொன்னேன். அவர் அன்றைக்குச் சேர்ந்தவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார், இந்த முறை நேரில், எல்லோரும் ஓர் அறையில் உட்கார்ந்து.

நான் போகிறேன் நைனா. சித்தப்பாவுக்கு எதிர் நாற்காலியில் உட்காருவேன். கத்த மாட்டேன், அழ மாட்டேன், ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். என் பக்கத்தில் ஷாலினியை உட்காரவைப்பேன். வருகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். இது இன்னும் அவள் அப்பாவுக்குத் தெரியாது. வாசனை வந்தது என்று அவர் மறுபடி சொல்லட்டும், பெற்ற மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

இது கொடுமை என்று எனக்குத் தெரியும். நீ இருந்தால் "வுடு பாப்பா, பாவம் அவன்" என்பாய். அவன் விழுந்ததைப் பார்த்ததும் இறங்கினவனாயிற்றே நீ, வேறென்ன சொல்வாய்?

நீ இல்லை. நான் விட மாட்டேன். இது சத்தியம்.

உன் ஒரே மகள்,
பாப்பா
திருவொற்றியூர்