டாக்டர் சொன்னதில் பாதி

இன்று கம்பெனிக்குக் காலரா ஊசி போட வந்தார்கள். நர்சு என் கையில் தடவிய ஸ்பிரிட்டின் வாடை பட்டதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஊசிக்குப் பயந்துவிட்டேன் என்று கூட வேலை செய்கிற பெண்கள் சிரித்தார்கள். நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சென்னை ஆஸ்பத்திரியில் நாம் இருந்த நாட்களை நான் யாரிடமும் சொன்னதில்லை.

திருப்பூரில் சலவைப்பட்டறையில் வெறுங்காலோடு பிளீச்சிங் தண்ணீரில் நின்று பனியன் துணி அலசுவீர்கள். குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி வந்தபோது முள் குத்தியது என்றீர்கள். நானும் மஞ்சள் அரைத்துப் போட்டேன். அது தோலில் வரும் புற்று என்று தெரிவதற்குள் தொடை வரைக்கும் கட்டிகள் கிளம்பிவிட்டன.

சென்னை டாக்டர் பூசி மெழுகவில்லை. காசநோய்த் தடுப்பூசி மருந்தைக் கட்டிக்குள்ளேயே போட்டுப் பார்க்கிறோம், இது சோதனைதான், கேட்குமா என்று எங்களுக்கே தெரியாது, வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் தலையாட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டீர்கள்.

ஒவ்வொரு ஊசிக்கும் குளிர்காய்ச்சல் கட்டிலையே உலுக்கியது. கட்டிகள் உடைந்து சீழ் வைத்தன. நாலாவது ஊசிக்கு முந்தின நாள் சொன்னீர்கள்: "போதும் அம்மிணி. ஊட்டுக்குப் போலாம்."

அன்று மதியம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஊசி போட்ட கட்டிகள் சுருங்குகின்றன, ஆனால் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது, அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், ஊருக்குப் போவதானால் இப்போதே போங்கள் என்றார்.

உங்களிடம் வந்து, "கட்டியெல்லாம் சுருங்குதுங்களாம்" என்றேன். மற்றதை விழுங்கிவிட்டேன்.

"அப்படீன்னா போட்டுக்கறேன்" என்று காலை நீட்டினீர்கள்.

அதற்குப் பிறகு இரண்டு ஊசி, இருபது நாள். கடைசியில் மூச்சு முட்டி நினைவு தப்பியபோது, ரயிலில் வருவதாக எண்ணிக்கொண்டு, "திருப்பூர் வந்துருச்சா?" என்று கேட்டீர்கள். வந்துருச்சுங்க என்றேன். அதுவும் பொய்.

நீங்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காகத்தான் மறைத்தேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அதில்லை. நீங்கள் சாகப்போவதை என் வாயால் சொல்லப் பயந்தேன். அந்த இருபது நாளை நம் வீட்டில், நம் பாயில், காய்ச்சலில்லாமல் நீங்கள் கழித்திருக்கலாம். அதை உங்களிடமிருந்து பறித்தவள் நான். அந்த நாட்களைச் சுமந்துகொண்டுதான் வேலைக்குப் போய் வருகிறேன். இறக்கி வைக்க இடமில்லை.