பச்சைக் கொம்பில் நட்ட தடை

2022 ஜூலை 9

காலையிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நின்று, முங்கி முங்கி, லோசலினியும் நானும் சேர்த்து எடுத்தது அரை வாளி மட்டி. அதுவும் நகம் பருமன். இருபத்தாறு வருடமாக இந்த ஆற்றில் மட்டி எடுக்கிறேன், இப்படி ஒரு நாள் பார்த்ததில்லை. காலை வைத்தால் முழங்கால் வரை சேறு. மட்டிக்கு மூச்சு முட்டாதா?

சேறு எங்கிருந்து வருகிறது என்று ஊருக்கே தெரியும். கரையின் விளிம்பு வரை மரவள்ளி நடுகிறார்கள். ஒரு மழை பெய்தால் கரை சரிந்து எங்கள் தலையில். முதல் குற்றவாளி என் மாமன் மகன் விலிகேசா. அவன்தான் ஊர் விருந்துகளுக்கெல்லாம் பொறுப்பு. மட்டி இல்லையென்றால் முதலில் கத்துபவனும் அவன்தான்!

ஜூலை 16

பேசிவிட்டேன். ஊர்க்கூட்டத்தில், வாசலோரம் பெண்கள் உட்காரும் இடத்திலிருந்தே பேசிவிட்டேன். "ரெண்டு வருஷம், ஆத்து வளைவுக்குக் கீழே முந்நூறு அடிக்கு யாரும் மட்டி எடுக்கக் கூடாது. அந்தக் கரையில இருபது அடி விட்டுத்தான் நடணும்."

விலிகேசா சிரித்தான். "தலைவர் செத்தாத்தான் ஆத்துல தடை போடுவாங்க. அடியே அகனீசி, நம்ம தலைவர் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு. யாரு செத்தா?"

"மட்டி செத்துப்போச்சு மச்சான். நீ தொப்பையைத் தூக்கிக்கிட்டு வந்து முங்கிப் பாரு!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. தலைவர் பெதேலி மட்டும் சிரிக்கவில்லை. குடித்துக்கொண்டிருந்த யங்கோனா வேர்ச்சாற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தடைக்கம்பம் நடுங்க. கம்பத்தைப் பிடுங்குற அன்னைக்குத் தடை போச்சு. அதான் வழக்கம். ஆனா பாதியில அழுதுக்கிட்டு வரக் கூடாது, அகனீசி. உன் வாக்கு."

என் வாக்கு. மட்டி விற்றுத்தான் பதினான்கு வீட்டில் அடுப்பு எரிகிறது. என் வீடும் அதில் ஒன்று. சரியாகத்தான் செய்தேனா?

ஜூலை 20

தடைக்கம்பம் என்றால் காய்ந்த வைரமரம். கொண்டுவருகிறேன் என்ற விலிகேசா வரவில்லை. போதகர் ஜெபத்துக்கு வந்து வெயிலில் நிற்கிறார், கம்பம் இல்லை. மானம் போகிறது. கத்தியை எடுத்துக்கொண்டு போய் மேட்டிலிருந்த முள்முருங்கையை வெட்டினோம். முப்பது கொம்பு, எல்லாம் பச்சை. பத்தடிக்கு ஒன்றாகக் கரையில் அடித்து இறக்கி, தென்னோலைப் பின்னல் கட்டினோம். கை பூராவும் முள்.

எல்லாம் முடிந்த பிறகு விலிகேசா துரை வந்தார். "பச்சைக் கொம்புலயா தடைக்கம்பம்? கீழ்க்கரை ஊர்க்காரன் பார்த்தா வயிறு வலிக்கச் சிரிப்பான்!"

ஆகஸ்ட் 28

கம்பங்கள் துளிர்க்கின்றன. யாரும் பார்க்கும் முன்னே போய்த் துளிரையெல்லாம் கிள்ளிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 11

கிள்ள முடியவில்லை. ஒன்றைக் கிள்ளினால் மூன்று வருகிறது. போகட்டும், தழைத்துத் தொலையட்டும். விலிகேசா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "உன் தடை நல்லா வளருது, அத்தை மகளே!" என்கிறான்.

2023 ஜனவரி 14

மட்டிக்குப் பதில் பெரணிக்கீரை பறித்துச் சந்தைக்குப் போகிறோம். சந்தையில் பாதிப் பேர் அதைத்தான் விற்கிறார்கள். லோசலினி பஸ்ஸில் அழுதாள். "அக்கா, உங்களை நம்பித்தானே கூட்டத்துல கையைத் தூக்குனோம்" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வரும் வழியில் கம்பங்களைப் பார்க்கப் போனேன். தண்ணீரில் இறங்கினேன். காலால் மண்ணைத் துழாவினேன். தட்டுப்பட்டது, ஒன்றல்ல, நாலைந்து. குனிந்தேன். கையில் எடுத்தும் விட்டேன். உள்ளங்கையில் கனமாக இருந்தது.

திரும்பப் போட்டுவிட்டேன். யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். போட்டுவிட்டேன்.

மார்ச் 5

மூன்று நாள் வெள்ளம். இன்றுதான் வடிந்தது. வளைவுக்கு மேலே விலிகேசாவின் மரவள்ளிப் பாத்தி இரண்டும் கரையோடு போய்விட்டன. அவன் அந்த விளிம்பில் நின்றுகொண்டிருந்தான். கேலி செய்ய நிறைய இருந்தது. நான் சமைத்த கிழங்கைக் கொண்டுபோய் அவன் மனைவியிடம் கொடுத்தேன்.

எங்கள் முந்நூறு அடியில் குப்பையும் கிளைகளும் சிக்கிக் கிடக்கின்றன. கரை அப்படியே இருக்கிறது. முப்பது கம்பமும் இருக்கின்றன! இரண்டு முறை எண்ணினேன்.

ஆகஸ்ட் 17

வயிறு எரிகிறது. அடுத்த வாரம் எங்கள் ஊரில் திருச்சபை மாநாடு. நானூறு விருந்தாளிகள். தேங்காய்ப்பாலில் மட்டி போடாவிட்டால் ஊருக்கே தலைகுனிவாம். விலிகேசா தலைவர் காதைக் கடித்திருக்கிறான். நாளைக் காலை கம்பம் பிடுங்குகிறார்களாம். இன்னும் பதினொரு மாதம் இருக்குடா பாவி! நானா பாதியில் அழுதுக்கிட்டு வந்தேன்? அழுதது நீங்கதானே!

ஆகஸ்ட் 18

எழுத முடியவில்லை, சிரிப்பு வருகிறது.

விலிகேசா முதல் கம்பத்தைக் கட்டிப்பிடித்து இழுத்தான். அசையவில்லை. இன்னொருவன் சேர்ந்தான். பிறகு மூன்றாவது ஆள். முள் குத்தி மூன்று பேரும் "ஐயோ அம்மா" என்று துள்ளியதுதான் மிச்சம். அடுத்த கம்பமும் அப்படித்தான். எல்லாம் வேர் பிடித்துவிட்டது. லோசலினி கரையில் நின்று, "இழு மச்சான், இழு! விருந்தாளி வந்துருவாங்க!" என்று கைதட்டினாள்.

"கத்தியைக் கொண்டாங்கடா, வெட்டிருவோம்" என்றான் விலிகேசா.

தலைவர் தடுத்தார். கீழே இறங்கி, தண்ணீரோரம் வேர் பின்னியிருந்த மண்ணைக் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார், "பிடுங்குனாத்தான் தடை போகும். வெட்டுனா போகும்னு நம்ம முன்னோர் யாரும் சொல்லல. கம்பம் வரல. தடை இருக்கு."

அவ்வளவுதான். துணி காற்றில் பறப்பதுபோல் உடம்பு லேசாகிவிட்டது எனக்கு. அந்த முள்முருங்கையைக் கட்டிக்கொண்டிருப்பேன், முள் இல்லாவிட்டால்.

ஆகஸ்ட் 25

விருந்தாளிகள் பன்றிக்கறியும் டின் மீனும் சாப்பிட்டார்கள். ஒருவரும் சாகவில்லை.

2024 ஜூலை 20

இரண்டு வருடம் முடிந்தது. கம்பங்கள் என் தலைக்கு மேலே வளர்ந்து சிவப்பாய்ப் பூத்திருக்கின்றன. பிடுங்க முடியாத தடையை எப்படி எடுப்பது? தலைவர் எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டார். என்னிடம்! "ஓலைப் பின்னலை அவிழ்த்தா போதும் ஐயா. மரம் நிக்கட்டும். மாசத்துல ஒருநாள் அவிழ்த்து மட்டி எடுப்போம், மறுபடி கட்டிருவோம்" என்றேன். தலையசைத்தார். பின்னலை என்னையே அவிழ்க்கச் சொன்னார்.

இறங்கினோம். காலடியில் சேறு இல்லை, மணல். மட்டி ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு. சோறு வேகும் நேரத்துக்குள் வாளி நிரம்பிவிட்டது. லோசலினி தண்ணீரில் நின்றபடியே பாடினாள். பதினான்கு பேரும் பாடினோம். பெருமையாக இருந்தது. ஆமாம், எனக்குப் பெருமைதான், அதை எழுத என்ன வெட்கம்!

ஜூலை 22

விடிந்ததும் வாசலில் விலிகேசா. கையில் கத்தி. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அத்தை மகளே, உன் மரத்துல கொஞ்சம் கொம்பு வெட்டிக்கவா? வளைவுக்கு மேல என் கரைக்கு."

"தடைக்கம்பமா மச்சான்? காஞ்ச வைரமரம்தானே வழக்கம்?"

"பச்சைதான் வேணும்" என்றான்.

நாற்பது கொம்பு வெட்டிக் கொடுத்தேன். விளிம்பிலிருந்து இருபது அடி தள்ளித்தான் இனி மரவள்ளி என்று அவனே சொன்னான். மதியம் வரை இரண்டு பேரும் அடித்து இறக்கினோம். அவன் கையெல்லாம் முள்.