அரண்மனையில் ரப்பர் சீட்

மிலானோ
7.3.2004

அன்புள்ள டிலானி அப்பாவுக்கு,

இங்கே பனி விட்டுப்போயிற்று, என் முழங்கால் வலிதான் விடவில்லை. மற்றப்படி மாதாவின் புண்ணியத்தில் சுகம்.

நாலு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் எடுத்தால் டிலானிதான் பேசுகிறாள். "அப்பா ஸ்மோக் ஹவுஸுக்குப் போயிட்டாரும்மா" என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரே பதில். ரப்பர் சீட் புகையில் காயும்போது ஞாயிறும் நெருப்பு அணையக் கூடாதென்று எனக்கும் தெரியும். அதற்காக கபூர் நானாவின் கடைப் போன்வரை நடந்து வந்து மனைவியோடு அரை நிமிடம் பேச முடியாதா?

ஐந்து வருடம் இந்தக் கிழவியம்மாவைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, கடைசியில் அந்தக் கடுதாசி என் கைக்கு வந்துவிட்டது. குடும்பத்தை வரவழைக்கும் அனுமதி, உங்களுக்கும் டிலானிக்கும். ஓகஸ்ட் முடிவதற்குள் கொழும்புக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் என் பாடெல்லாம் வீண். கபூர் நானாவுக்குக் கொப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் எல்லாம் நிரப்பித் தருவார். நீங்கள் போனால் போதும்.

பிள்ளைக்கு என் முத்தங்கள்.

உங்கள்
மெட்டில்டா


கலுகல தோட்டம்
கரவனெல்ல
12.4.2004

அன்பு மெட்டில்டாவுக்கு,

நேற்று பாஸ்கா. நீ அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு பிள்ளை பூசைக்குப் போனாள். மழை விடவில்லை. நாலு நாளாக ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை.

கடுதாசி கிடைத்தது. டிலானியைக் கூப்பிட்டுக்கொள், அவள் படிக்கட்டும். நான் வரவில்லை. அங்கே வந்து நான் என்ன செய்வது? உன் சம்பளத்தில் சாப்பிட்டுவிட்டு, நீ வரும்வரை கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதா? இங்கே சிறில் வராமல் ஸ்மோக் ஹவுஸில் நெருப்புப் போடுவதில்லை. தோட்டத்துத் தொரைகூட "சிறில், சீட் எப்பிடி?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். அங்கே என்னை யார் கேட்பார்?

நீயும் இப்போது வாசனைச் சோப்புக்குப் பழகியிருப்பாய். இதற்கு மேல் எழுதினால் சண்டையாகிவிடும்.

சிறில்


மிலானோ
24.5.2004

அன்புள்ள டிலானி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த கோபத்தில் நாலாக மடித்து மெத்தைக்கு அடியில் வைத்தேன். பதிலே எழுதுவதில்லை என்றிருந்தேன். ஆனால் நேற்று நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நேற்று கிழவியம்மாவுக்குப் பிறந்தநாள். அவருடைய மகன் எங்களைக் காரில் ஏற்றி, ஒரு மணி நேரம் ஓட்டி, ஓர் அரண்மனைக்குக் கூட்டிப்போனார். நிஜமான அரண்மனை, முன்னூறு வருடத்துக்கு முன் ராஜா குடியிருந்தது. நம் தொரை பங்களாவைப்போல் பத்து பங்களாவை அதன் முற்றத்தில் வைக்கலாம். கூரை முழுக்கத் தேவதூதர்கள். எல்லாம் சாயத்தில் வரைந்ததுதான், ஆனால் செட்டை அசைகிற மாதிரியே இருக்கிறது. கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். உள்ளே ராஜாவின் கட்டில் நாற்காலி எதுவும் இல்லை. இந்தக் காலத்துக் கலைஞர்கள் செய்தவற்றை வைத்திருக்கிறார்கள். ஓர் அறையில் கருங்கல் குவியல். இன்னோர் அறையில் நூறு பழைய ரேடியோக்கள் ஒன்றாக முணுமுணுக்கின்றன. இதற்கா டிக்கட் என்று எனக்குள் சிரித்துக்கொண்டே தள்ளுவண்டியைத் தள்ளினேன்.

கடைசியில் பெரிய மண்டபம். ராணி நடனமாடிய இடமாம். கதவுக்குப் போவதற்கு முன்பே எனக்கு வாசம் வந்துவிட்டது. உள்ளே பார்த்தால், வரிசை வரிசையாக மரக்கம்புகள், அவற்றில் தரையிலிருந்து அந்தத் தேவதூதர்களின் கால்வரைக்கும் ரப்பர் சீட். நம்ம ரப்பர் சீட்! புகையில் காய்ந்தது. ஐந்நூறாவது இருக்கும். ஜன்னல் வெயில் அதற்குள்ளால் வருகிறது, மண்டபம் முழுக்கத் தேன் நிறம். நாம் அதை எப்போதும் இருட்டில்தானே பார்த்திருக்கிறோம்? வெளிச்சத்தில் இப்படி இருக்கும் என்று இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது. கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல் சத்தமில்லாமல் நிற்கிறார்கள்.

என் கை சும்மா இருக்கவில்லை. ஒரு சீட் கம்போடு ஒட்டிக் கிடந்தது. தழும்பு விழுந்துவிடுமே என்று பிய்த்துத் திருப்பிப் போட்டேன். பக்கத்தில் இருந்ததையும் திருப்பினேன். மூன்றாவதில் கை வைக்கும்போது காவல்காரன் கத்தினான். மண்டபமே என்னைப் பார்த்தது. கிழவியம்மாவின் மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

கண்காட்சிக்குப் பொறுப்பான அம்மா ஒருவர் ஓடிவந்தார். எனக்குத் தெரிந்த இத்தாலி பாஷையில் சொன்னேன், இதைத் தினமும் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கம்புத் தழும்பு விழுந்து தரம் குறைந்துவிடும், என் கணவர் இருபத்திரண்டு வருடமாக இந்த வேலைதான் செய்கிறார் என்று. அவர் என்னைத் திட்டவில்லை. கையைப் பிடித்துக் கீழ் வரிசைக்குக் கூட்டிப்போனார். அங்கே வெள்ளையாகப் பூஞ்சணம். மழை நாளில் பூட்டிய மண்டபம், பூக்காமல் என்ன செய்யும்? "இதற்கு என்ன செய்யலாம் என்று உங்கள் கணவரிடம் கேட்டுச் சொல்வீர்களா?" என்றார். அரண்மனையே உங்களைக் கேட்கிறது, டிலானி அப்பா!

இனி நான் சொல்ல வேண்டியது. நீங்கள் வேலை விட்டு வரும்போதெல்லாம், "குளிச்சிட்டு உள்ள வாங்க, நாத்தம் கொடலப் பொரட்டுது" என்று வாசலிலேயே நிறுத்துவேன். பக்கத்து லயத்து வீட்டு ஆட்களுக்கு முன்னாலும் சொல்லியிருக்கிறேன். அந்த வாசம் பிள்ளைமேல் ஒட்டக் கூடாதென்றுதான் விமானம் ஏறினேன். நேற்று அந்த மண்டபத்தில் மூச்சை இழுத்து இழுத்து நின்றேன். இந்த ஐந்து வருடத்தில் நீங்கள் எனக்கு அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. வெட்கத்தில் அழுதேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

இனி வாருங்கள் என்று வற்புறுத்த மாட்டேன். ஆனால் அதை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஜூலை முடியும்வரைதான் வைத்திருப்பார்களாம்.

உங்கள்
மெட்டில்டா


கலுகல தோட்டம்
கரவனெல்ல
27.6.2004

அன்பு மெட்டில்டாவுக்கு,

முதலில் வேலை விஷயம். பூஞ்சணம் பிடித்த சீட்டை வெயிலில் போட விடாதே, பிசுபிசுத்துப்போகும். பிரஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து, நிழலில் காற்றாட விடட்டும். ஜன்னல்களைத் திறக்கச் சொல். சரியான வைத்தியம் மறுபடி புகை போடுவதுதான், ஆனால் உன் தேவதூதர்கள் கறுத்துப்போவார்கள். மூன்றாவது சீட்டையும் திருப்பிவிட்டு ஏச்சு வாங்கியிருக்கலாம்.

உன் கடிதத்தை ஸ்மோக் ஹவுஸ் ஆட்களுக்கு வாசித்துக் காட்டினேன், கடைசிப் பகுதியைத் தவிர. அதைத் தனியாக வாசித்தேன், எத்தனை தடவை என்று கேட்காதே. அவர்களில் பியசேன நம்பவில்லை. "மெட்டில்டா அக்கா பொறு கியனவா" என்றான், நீ பொய் சொல்கிறாயாம். நான் ஒரு சீட்டை வெளியே எடுத்துவந்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். எட்டுப் பேரும் வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்தோம். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா வந்து, "என்னப்பா, சீட்டுக்குள்ள படமா ஓடுது?" என்றார். அவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அங்கே வேலை இல்லை என்பதற்காக மட்டும் நான் மறுக்கவில்லை. அங்கேயும் ஒரு வாசலில் நிற்க வேண்டிவரும் என்று பயந்தேன். சொல்லிவிட்டேன், இனி அதைப்பற்றி நீயும் எழுதாதே, நானும் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை கபூர் நானாவோடு கொழும்புக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். டிலானியும் போட்டாள். ஓகஸ்ட் பாதிக்குப் பிறகுதான் வர முடியுமாம். அதற்குள் சீட்டையெல்லாம் இறக்கியிருப்பார்கள், தெரியும். ஆனாலும் வந்து இறங்கியதும் முதலில் அந்த அரண்மனைக்குக் கூட்டிப்போ. வெறும் மண்டபமாக இருந்தாலும் பரவாயில்லை. நீ நின்று அழுத இடத்தைக் காட்டு, போதும்.

உன்
சிறில்