கட்டிலிருந்தா, தரையிலிருந்தா?

இஞ்சாருங்கோ,

நீங்கள் போய் ஒரு வருஷம். உங்கள் ஆட்டத்திவசத்துக்கு லண்டனிலிருந்து வந்த மகள் சுகந்தி இன்னும் நிற்கிறாள். சாப்பாட்டு மேசை முழுக்க உங்கள் கிணற்றுக் கொப்பிகள். அரியாலை, கோப்பாய், உரும்பிராய் எல்லாம் சைக்கிளில் போய், கயிறு இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று நீங்கள் எழுதியவை.

நீங்கள் வேலை செய்த கந்தோரில் மேலதிகாரிகள் அவற்றைக் கவனமில்லாத வேலை என்று ஒதுக்கினார்கள். அவர்கள் அளந்ததைவிட நீங்கள் எழுதிய ஆழம் பல இடங்களில் ஏறக்குறைய மூன்றடி கூட. நீங்கள் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மகள் உங்கள் அளவுகளை அங்கே கொம்பியூட்டரில் ஏற்றி, லிஸ்ப் என்ற மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறாள். அச்சடித்த தாளைக் கொண்டுவந்தாள். நான் சும்மா விடுவேனா?

"உதென்னடி, எங்கை பாத்தாலும் அடைப்புக்குறி?"

"லிஸ்ப் அப்பிடித்தான், அம்மா. புரோகிராமின்ரை பெயருக்குப் பிறகு நான் அதே வரியிலை தட்டுற ஒப்ஷன் எல்லாம் ஒரு பட்டியலாய் வரும். முதற் சொல்லை எடுத்துப் பார்த்திட்டு, மிச்சப் பட்டியலைத் திரும்பத் தனக்கே குடுக்கும். ஒண்டும் மிஞ்சாத வரைக்கும்."

பட்டியலில் "வருஷம்" என்ற சொல் வந்தால் அடுத்து நிற்கும் ஆண்டையும் சேர்த்து எடுக்க வேண்டுமாம். முதலில் அதை எழுத மறந்துவிட்டாள். புரோகிராம் 1968ஐக் கிணற்றின் பெயராக எடுத்து, அப்படியொரு கிணற்றைத் தேடியதாம்.

"உன்னைப் போலத்தான். கடைக்கு விட்டால் பாதிச் சாமானோடை வாறது."

"அம்மா! எங்கையிருந்து அளந்தது எண்டும் ஒரு ஒப்ஷன் இருக்கு. தரை, இல்லாட்டிக் கிணத்தைச் சுத்தி எழுப்பின கிணத்துக்கட்டு."

"நீ ஒண்டும் தட்டாட்டி?"

"தரை எண்டு எடுக்கும்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லாத இடத்திலை எதையாவது எடுக்கத்தானே வேணும்?"

நான் எழும்பி எங்கள் கிணற்றடிக்குப் போனேன். நீங்கள் இங்கே கயிறு இறக்கும்போது அளவு தொடங்கும் முடிச்சைக் கட்டின் மேல் வைத்துப் பிடித்தவள் நான்தானே? சுகந்தியும் பின்னால் வந்தாள்; கட்டின் உயரத்தை அளந்தோம். மூன்றடிக்கு ஒரு விரல் குறைவு. கொப்பியில் அதைப்பற்றி ஓர் எழுத்து இல்லை. உங்களுக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டீர்களா?

"அப்பா பிழை விடேல்லை," என்றாள் சுகந்தி. நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "எங்கடை கிணத்துக்குச் சரி. மற்றக் கிணறுகளுக்கு?" என்றாள். கோப்பாயில் தோட்டக் கிணறுகள் சிலவற்றுக்குக் கட்டே இல்லை. ஒவ்வொன்றின் கட்டு உயரமும் தெரியாமல் அந்த ஒப்ஷனுக்கு என்ன கொடுப்பது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்களோடு வாழ்ந்த காலமெல்லாம் நீங்கள் வாய் திறக்காத இடங்களை நான் "ஓம்", சம்மதம் என்றே எடுத்தேன். கந்தோர் விஷயத்தில் நீங்கள் பேசாமல் இருந்ததையும் பிழையை ஒத்துக்கொண்டதாக எடுத்து, உங்களோடு சண்டை பிடித்தேன். என்னிடமும் ஆர் சொன்னது?

திங்கட்கிழமை கோப்பாய் பஸ் எடுக்கிறேன். அளவு நாடா கைப்பையில் இருக்கிறது. கொப்பியிலுள்ள கிணறு ஒன்றையும் விடமாட்டேன். கட்டு இல்லாத இடத்தில் "கட்டு இல்லை" என்று முழுதாக எழுதுவேன். வெறுமையாக விடமாட்டேன்.

கயிற்றை மேலே பிடித்த,
உங்கள் மனைவி
இரத்தினம்