பாஸில் இரண்டாவது கோடு

ரஸ்ஸல்,

டைனர் ஓட்டல்ல எனக்குக் காலை ஷிப்ட், கிளம்பிட்டேன். நேத்து மிச்சமான மாட்டுக்கறி சில்லி பிரிட்ஜ்ல இருக்கு. சுட வச்சுத் தட்டுல போட்டுச் சாப்பிடு, சட்டியோட திங்காத.

மேப்ல நீ கிறுக்கி வச்ச திட்டத்தைப் பாத்தேன். டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ, சயான், மூணு தேசியப் பூங்காவும் ரெண்டே நாள்லயா? பாலைவனத்தைப் பாக்கப் போறியா, பீட்சா டெலிவரிக்குப் போறியா? பியருக்கு ஐஸ் பெட்டி முழுக்க இடம், தண்ணிக்கு ரெண்டே பாட்டில்! போன தடவை போன் காட்டின மண் ரோட்டுல புகுந்து வண்டியைப் புதைச்சுட்டு, மீட்க வந்த பூங்கா ரேஞ்சர்கிட்ட "சும்மா நிழலுக்கு நிறுத்தினோம்"னியே. அங்க ஏது மகராசா நிழல்?

உன் தம்பி டுவைன்கிட்ட போன்ல நீ பேசினது சமையக்கட்டு வரைக்கும் கேட்டுது. "லோர்னாவுக்கு வெயில் ஆகாது, நாம ரெண்டு பேரும் போவோம்"னு. வெயில் ஆகாதுன்னு நான் எப்பய்யா சொன்னேன்? உன் திட்டம் ஆகாதுன்னுதான் சொன்னேன்.

லோர்னா

வண்டிச் சாவி கொக்கியில இருக்கு. தண்ணி கேன் நான் வரும்போது வாங்கிட்டு வரேன், நீ வாங்கிக் கிழிச்சது போதும்.

இன்னொண்ணு. தேசியப் பூங்கா பாஸ்ல ரெண்டு பேர் கையெழுத்துப் போடலாம். ஒரு கோட்டுல நீ போட்டுட்ட. இன்னொண்ணை டுவைனுக்குன்னு காலியா விட்டு வச்சிருந்த. அதுல என் பேரைப் போட்டுட்டேன், அழியாத மையில.

டுவைனும் வரட்டும், நான் வேணாங்கல. பின் சீட்டுல, ஐஸ் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு.