கொட்டகையின் பதினான்கு கால்கள்

4 மார்ச் 2013

ராய்ஸுக்கு,

பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். போதும்.

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு முள்கம்பி வேலியும் இருநூறு கெஜம் புல்வெளியும்தான். அந்தப் புல்வெளியில், என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, நீ ஒரு தகரக் கொட்டகையை நிறுத்தியிருக்கிறாய். பதினெட்டடி அகலம், முப்பத்தாறடி நீளம். நீ ஊர் சுற்றும் அந்தச் சக்கர வீடு, உன் கேம்பர் வண்டி, உள்ளே நுழைய வேண்டுமென்று பதினாலடி உயரம். சுவர் கிடையாது, கூரையும் கால்களும் மட்டும். டெக்ஸஸின் இந்த மேட்டுநிலத்தில், ஏப்ரல் மாதத்துத் தென்மேற்குக் காற்றில், இதற்குக் கொட்டகை என்று பெயர் இல்லை. பட்டம் என்று பெயர்.

நீயும் உன் இரண்டு சிநேகிதர்களும் பீர் டப்பாவும் கையுமாக அதை நிறுத்திய சனிக்கிழமை, நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கடி நீளமுள்ள நங்கூரக் கம்பிகளை மண்ணுக்குள் முறுக்கி இறக்கினீர்கள். ஒன்றரை அடியில் கம்பி நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பது அப்பாவோடு வேலிக்கால் ஊன்றி வளர்ந்த உனக்குத் தெரியும். அடியில் சுக்கான் பாறை. அதற்கு நீ என்ன செய்தாய்? மேலே நீட்டிக்கொண்டிருந்த இரண்டரை அடியை அறுத்துத் தூர எறிந்துவிட்டு, மிச்சத் துண்டில் கொட்டகையின் காலைப் பற்றவைத்தாய். தீப்பொறி என் ஜன்னல் வரை தெரிந்தது. இந்த வட்டாரத்தில் எல்லோரும் செய்வதுதான். எல்லோருடைய கொட்டகையும் கடைசியில் அடுத்தவன் பருத்திக் காட்டில் கிடப்பதும் அதனால்தான்.

பிறகு உனக்கே சந்தேகம் வந்து, கால்களைப் பட்டை வார் போட்டுக் கேம்பரோடு இழுத்துக் கட்டினாய். சரி, ஆறு டன் வண்டி உள்ளே நிற்கும்வரை கொட்டகையும் நிற்கும். ஆனால் ஏப்ரல் பதினான்காம் தேதி நீயும் நெல்டாவும் மகள் கெய்லாவின் பிரசவத்துக்காகக் கேம்பரை எடுத்துக்கொண்டு ராக்போர்ட் போகிறீர்கள் என்று தேவாலயத் தாளில் படித்தேன். வண்டி போன பிறகு அந்தக் கூரையைப் பிடித்துக்கொண்டிருக்கப் போவது யார்? அது கிளம்பினால், காற்றுப் போகும் வழியில் முதலில் இருப்பது என் சமையலறை.

ஆகவே இதை அண்ணன் தம்பிக்கு எழுதும் கடிதம் என்று நினைத்துக்கொள்ளாதே. மார்லா என்னை விட்டுப் போன அன்று அவளையும் அவள் சாமான்களையும் உன் லாரியில் ஏற்றிக்கொண்டு நீ போனாய். அந்த உறவு அன்றோடு முடிந்தது. இது பக்கத்து நிலத்துக்காரனுக்கு ஓர் எச்சரிக்கை.

இப்படிக்கு,
வெர்லின் டபிள்யூ. டிப்டன்
உரிமம் பெற்ற கட்டுமானப் பொறியாளர்

*

11 மார்ச்

அண்ணா,

உன் கடிதம் அமரில்லோ போய், அங்கே முத்திரை வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து சேர்ந்தது. ஒரு வேலியைத் தாண்ட நூற்று நாற்பது மைல். தபால்காரி டாட்டி அதைப் பெட்டியில் போடாமல், ஹாரன் அடித்து என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள். நான் பிரித்துப் படிக்கும்வரை வண்டியை நகர்த்தவே இல்லை.

"உங்கண்ணன் எழுத்தாச்சே, ராய்ஸ். யாராவது செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. ஏப்ரல்ல ஒரு கொட்டகை சாகப்போவுதாம்."

இரவுச் சாப்பாட்டின்போது நெல்டா அதை மறுபடி உரக்கப் படித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, "பதினோரு வருசம் கழிச்சு உங்கண்ணன் இப்பத்தான் நம்ம பக்கம் திரும்பிப் பாத்திருக்காரு. அதுவும் பைனாகுலர் வெச்சு" என்றாள். வைத்திருந்தாய்தானே? இருநூறு கெஜத்திலிருந்து கம்பியின் நீளம் சொல்ல உன்னால் முடியாது. உனக்குப் பத்து வயதிலிருந்தே கிட்டப்பார்வை.

கம்பியை அறுத்தது நிஜம். பதினாலில் பதினொன்றை அறுத்தேன். போன வாரம் அறுபது மைல் வேகத்தில் காற்று அடித்தது, கொட்டகை அசையவில்லை. கேம்பர் உள்ளே இருந்ததல்லவா என்பாய். ஆமாம், இருந்தது. அதுதான் எனக்கும் உறுத்துகிறது.

இன்னொன்று. கடிதத்தின் அடியில் முழுப் பெயரையும் உரிமத்தையும் போட்டிருக்கிறாயே, நான் என்ன நெடுஞ்சாலைத் துறையா? அப்பா ஐஸ்பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டி வைப்பாரே, 'காளை வேலியைத் தாண்டிருச்சு, போய்ப் பிடிங்க' என்று. கீழே பெயர் இருக்குமா? நீ ஒரு தடவை உன் சீட்டில் பெயர் எழுதிவிட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகமிருக்கிறதா? "யார்ரா இந்த வெர்லின்? பாங்க் மானேஜரா? வீட்டு ஆளு பேர் போட மாட்டான். வெளியாளுதான் போடுவான்." நான் இன்றைக்கும் அந்தச் சட்டத்தை விடவில்லை.

மார்லா விஷயத்தில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இப்போது எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவாய். பிறகு எழுதுகிறேன்.

கொட்டகைக்கு என்ன செய்யட்டும், சொல்.

*

17 மார்ச்

ராய்ஸ்,

மூன்று நாட்களாக நான் வேறு எதுவும் செய்யவில்லை. சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள். துறை என்னை வீட்டுக்கு அனுப்பி நான்கு வருடமாகிறது. என் கையெழுத்து இல்லாமல் இந்த மாவட்டத்தில் ஒரு பாலம் எழும்பாத காலம் இருந்தது. அதன்பிறகு ஓர் ஆள் என்னிடம் ஒரு கணக்குக் கேட்டதில்லை. நீ கேட்டுவிட்டாய். கேட்டதற்காக உன்னை மன்னித்துவிட்டதாக நினைக்காதே.

காற்று அந்தக் கூரையைத் தள்ளும் என்றுதான் நீ நினைக்கிறாய். இல்லை, தூக்கும். தொண்ணூறு மைல் வேகத்தில் உன் கூரையை மேல்நோக்கி இழுக்கும் விசை பதின்மூன்றாயிரம் பவுண்டு. கொட்டகையின் சொந்த எடை மூவாயிரம். பாக்கிப் பத்தாயிரத்தைப் பதினான்கு கால்களும் பிடித்துக்கொள்ள வேண்டும். கால் ஒன்றுக்கு எழுநூறுக்குச் சற்று மேல். உன்னுடைய அறுத்த கம்பி ஒரு கூடாரத்தைப் பிடிக்கும். மழை பெய்து மண் இளகினால் அதையும் பிடிக்காது.

என் பேச்சை நம்ப வேண்டாம். தென்மேற்கு மூலையில் வாரைக் கழற்றிவிட்டு, காலுக்கு அடியில் பண்ணை ஜாக்கியை வைத்துத் தூக்கிப் பார். ஒரு கால்தான். தூரத் தள்ளி நின்று செய். நெல்டாவைப் பக்கத்தில் விடாதே.

அதன்பிறகு இப்படிச் செய். ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒன்றரை அடி அகலத்தில் குழி. சுக்கான் வந்ததும் முறுக்காதே, இடி. பாறை துளைக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும். பாறையை உடைத்துக்கொண்டு அதற்குக் கீழேயும் போ, மொத்தம் மூன்றரை அடி. கவனித்துப் படி, இதுதான் விஷயம்: பாறைக்குக் கீழே போனதும் குழியின் அடியை மணி போல நாலாபுறமும் அகலப்படுத்து. கான்கிரீட்டை ஊற்று. ஈரமாக இருக்கும்போதே கொக்கி போட்ட போல்டை உள்ளே இறக்கி, கொட்டகையின் அடிச்சட்டத்தோடு முடுக்கு. ஒவ்வொரு தூணும் தன் எடையிலேயே ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு. அதற்கும் மேல் இழுத்தால், அடியிலுள்ள மணி பாறையில் போய் முட்டும். அதாவது, உன் கம்பியை உள்ளே விடமாட்டேன் என்று எதிர்த்து நின்ற அதே பாறை, இனி உன் கொட்டகையை வெளியே விடாது. இதை எழுதும்போது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எவ்வளவு அழகான ஏற்பாடு, பார்.

ஒன்றையும் குறைக்காதே. உன்னை எனக்குத் தெரியும். பத்துக் குழி தோண்டிவிட்டு, இது போதும் என்பாய்.

வெர்லின் டிப்டன்

*

5 ஏப்ரல்

அண்ணா,

ஜாக்கியின் மூன்றாவது அழுத்திலேயே கம்பி வந்துவிட்டது. முள்ளங்கியைப் பிடுங்குகிற மாதிரி, மண்கூட ஒட்டாமல் வந்தது. கொட்டகையின் மூலை காற்றில் ஓர் அடி மேலே நிற்கிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். நெல்டா நீ சொன்னபடி தூரத்தில் நின்றாள், ஆனால் வாயைத் தூரத்தில் வைக்கவில்லை.

"இதுக்கடியிலதான் நேத்து நாற்காலி போட்டு என்னைப் பட்டாணி உரிக்க வெச்சீங்களா?"

"கேம்பரோட கட்டித்தானே இருந்துச்சு."

"உங்களையும் அதோட சேத்துக் கட்டியிருக்கணும்."

மறுநாளே இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வந்தேன். குழியடி மணியெல்லாம் நீ சொன்னபடிதான். குழிக்குள் தலைகீழாகத் தொங்கி, கரண்டியால் அடியைச் சுரண்டுகிறேன். நெல்டா காலைப் பிடித்துக்கொள்கிறாள், "விட்டுடட்டுமா, விட்டுடட்டுமா" என்று கேட்டுக்கொண்டே. நேற்று அந்தப் பக்கம் போன டாட்டி, நான் பெட்ரோல் கிணறு தோண்டுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். முடித்த முதல் தூணில் நிற்கும் காலுக்கு அடியில் ஜாக்கியை வைத்துத் தூக்கிப் பார்த்தேன், அண்ணா. ஜாக்கி வளைந்தது. தூண் அசையவில்லை. நான் போட்ட கூச்சல் உனக்குக் கேட்டிருக்கும்.

இதுவரை பதினொன்று முடிந்தது. மூன்று பாக்கி. குறைக்க மாட்டேன்.

மார்லா விஷயம். அவள் கேட்டாள், ஏற்றினேன். அதை மறுக்கவில்லை. ஆனால் சாலைக்கு ஏறும் கேட் அருகே அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். "கொஞ்சம் நிக்கலாமா, ராய்ஸ்" என்றாள். இருபது நிமிடம் நின்றோம். லாரியின் பக்கக் கண்ணாடியில் உன் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, போ" என்றாள். அவ்வளவுதான். நீ வந்திருந்தால் நான் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். உன்னிடம் சொல்ல மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் நீ கதவைத் திறக்கவில்லை.

வேலியில் உள்ள சின்னக் கேட்டின் சங்கிலியைக் கழற்றிவிட்டேன். மாடு எதுவும் இப்போது இல்லை. திறந்தே கிடக்கட்டும்.

*

22 ஏப்ரல்

டேய் ராய்ஸ்,

முதலில் கொட்டகை. நிற்கிறது. பதினான்கு காலும் நிற்கிறது. நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு எண்பத்துநான்கு மைல் வேகம் என்று வானொலியில் சொன்னான். நிற்கிறது.

இனி வரிசையாகச் சொல்கிறேன். எட்டாம் தேதி காலையில் கேம்பர் இல்லாததைப் பார்த்ததும் தபால் பெட்டியருகே போய் டாட்டி வரும்வரை நின்றேன். கெய்லாவுக்கு வலி முன்னாலேயே வந்துவிட்டது என்று டாட்டிதான் சொன்னாள். மூன்று குழி பாக்கி, உள்ளே வண்டி இல்லை, ஏப்ரல் மாதம். இரண்டு நாள் ஜன்னலில் நின்று உன்னைத் திட்டினேன். மூன்றாம் நாள் கேட்டைத் தாண்டி வந்தேன்.

தென்மேற்குக் காலில் நீ ஒட்டிவிட்டுப் போன சீட்டைப் பார்த்தேன். 'மூணு பாக்கி. மெஷின் ஷெட்ல. சாவி பழைய இடம். கெய்லா வீட்டு விலாசம் பின்னால.' கீழே பெயர் இல்லை. யாருக்கு என்றும் இல்லை. நான் வருவேன் என்று எந்தத் தைரியத்தில் ஒட்டினாய் என்று தெரியவில்லை. சாவி பழைய இடத்தில்தான் இருந்தது.

ஐம்பத்தாறு வயதில் குழிக்குள் தலைகீழாகத் தொங்கினேன். காலைப் பிடிக்க ஆள் இல்லாததால், இடுப்பில் கயிறு கட்டி என் வண்டியின் பின்பக்கத்தோடு பிணைத்துக்கொண்டேன். பார்த்திருந்தால் நெல்டா சிரித்துச் செத்திருப்பாள். பதினைந்தாம் தேதி கடைசித் தூணை ஊற்றினேன். ஆறு நாளில் காற்று வந்தது. கான்கிரீட் முழுப் பலம் பெற நான்கு வாரம் வேண்டும். அது எனக்கு மட்டும்தான் தெரியும், காற்றுக்குத் தெரியாது.

மேற்கே வானம் செங்கல் நிறமானதும் நான் வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை. உன் கிணற்றறைச் சுவருக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். ஒவ்வொரு காலிலும் தரையை ஒட்டிச் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டு வைத்திருந்தேன், மயிரிழை தூக்கினாலும் தெரிய வேண்டுமென்று. கூரை விம்மியது, ராய்ஸ். மூச்சு இழுக்கிற மாதிரி மேலே உப்பியது. தகரம் ஒரே சுருதியில் ஊளையிட்டது. சாலைக்கு அந்தப்புறத்து ஆளின் கொட்டகை, கம்பியை அறுத்தவர்களில் அவனும் ஒருவன், நாலு காலும் விரித்தபடி என் தலைக்கு மேலே பறந்து போயிற்று. நான் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பதினொன்று உன்னுடையவை. அவை போனால் உன்னைத் திட்டலாம். கடைசி மூன்றும் என்னுடையவை. அவை போனால் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒன்றும் போகவில்லை. கோடு கோடாகவே இருந்தது. விளிம்புத் தகரம் ஒன்று மட்டும் பிய்ந்து போய்விட்டது, அது வேறு ஆணி. எழுந்து நின்று கத்தினேன். வாயெல்லாம் மண்.

உன் ஐந்தாம் தேதிக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. சாலை கேட் என் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியாது, தானியக் குதிர் மறைக்கிறது. உன் கொட்டகைக் காலருகே நின்றபோதுதான் கவனித்தேன், அங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்திருந்தால் வெளியே வந்திருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை. பதினோரு வருடமும் உன்மேல் கோபப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

குழந்தை எப்படி இருக்கிறது? யார் மாதிரி? அப்பாவின் காது வந்துவிடவில்லையே? நீங்கள் திரும்பியதும் அந்த விளிம்புத் தகரத்தைச் சேர்ந்து மாட்டுவோம். ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

டாட்டி பெட்டியருகே வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்கிறாள். உரிமத்தோடு முழுப் பெயரையும் எழுதப் போய் 'வெ' என்று ஆரம்பித்து, அதை அடித்துவிட்டேன். கையெழுத்து இல்லாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.